அண்ண ரேகையா, அண்ண வரப்பா? மேல்வாய் மேடுகளுக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1 | பாடநூல் மொழிபெயர்ப்பவர்

குழுவினருக்கு வணக்கம்.

தடயப் பல்மருத்துவப் பாடம் ஒன்று தமிழாகிறது. அதில் 'பாலட்டல் ருகே' என்பதற்கும், அதை வைத்து ஆளை அடையாளம் காணும் 'ருகோஸ்கோப்பி'க்கும் சொல் வேண்டும்.

பொருள் இதுதான். நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து உள்நோக்கி இழுத்தால் கரடுமுரடாகச் சில மேடுகள் தட்டுப்படும். வல்லண்ணத்தின், அதாவது மேல்வாயின் எலும்புள்ள கடினமான பகுதியின், முன் மூன்றிலொரு பகுதியில் மட்டும் இருப்பவை அவை. நடுவே முன்பின்னாக ஓடும் கோட்டிலிருந்து இருபக்கமும் குறுக்காகப் போகும். அந்தக் கோட்டைத் தாண்டாது. பக்கத்துக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வரை இருக்கும். வலமும் இடமும் ஒன்றுபோல் அமைவதில்லை. கருவிலேயே 12 முதல் 14 வாரத்துக்குள் உருவாகிவிடும். பிறகு வாய் வளரும்போது நீளம் கூடுமே தவிர, அமைப்பு பெரிதும் மாறாது.

1732இல் உடற்கூறியலாளர் வின்ஸ்லோ இவற்றை விவரித்தார். அடையாளம் காண உதவும் என்று 1889இல் ஆலன் சொன்னார். 1932இல் ஸ்பெயினின் ட்ரோபோ எர்மோசா ஆய்வு முறைக்குப் பெயர் வைத்தார். இப்போது நாம் தமிழில் வைக்க வேண்டும்.

கைவசம் உள்ளவை: அண்ண மடிப்பு, அண்ணச் சுருக்கம், அண்ண வரி, அண்ண ரேகை. கைரேகை எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் என் மனம் 'அண்ண ரேகை' பக்கம் சாய்கிறது. ஒற்றைச் சொல் மட்டும் போதாது. மேடு, மேடுகளின் அமைவு, ஆய்வு, வகைகள் என்று ஒரு குடும்பமே அதிலிருந்து கிளைக்க வேண்டும்.


மடல் 2 | தமிழாசிரியர்

'அண்ணம்' பற்றிக் கவலை வேண்டாம். ககாரத்துக்கு 'முதல்நா அண்ணம்', சகாரத்துக்கு 'இடைநா அண்ணம்', டகாரத்துக்கு 'நுனிநா அண்ணம்' என்று தொல்காப்பியப் பிறப்பியலே சொல்கிறது. இலக்கணக்காரர்கள் விடாமல் காப்பாற்றிய உடலுறுப்புச் சொல் அது. எழுதும்போது 'அன்னம்' ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்; அச்சில் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது.

இலத்தீனில் 'ருகா' என்றால் தோலில் விழும் சுருக்கம். நமக்கு அதற்கு நேரான பழஞ்சொல் 'திரை'. நரை, திரை, மூப்பு என்று வரிசையாகச் சொல்வோமே, அந்தத் திரை. கடலலைக்கும் அதுவே பெயர். நீங்கள் சொல்லும் மேடுகளும் அலை அலையாக இருப்பதாகத் தெரிகிறது. 'அண்ணத்திரை' என்றால் சுருக்கம், அலை என்ற இரண்டு பொருளும் அமையும். ஆய்வுக்கு 'திரைநோக்கு' என்று வைக்கலாம்.

'ரேகை' வேண்டாம் என்பதற்கு வடமொழி என்ற காரணத்தை முன்வைக்க மாட்டேன். ஊரில் ஊன்றிவிட்ட சொல். பொருந்துகிறதா என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும்.


மடல் 3 | தடயப் பல்மருத்துவர்

ஐயா, 'திரை' அழகான சொல். ஆனால் இந்த இடத்தில் அது வேறோர் உறுப்பின் மேல் போய் விழும். வல்லண்ணத்துக்குப் பின்னால் தொங்கும் மெல்லண்ணத்துக்கு இலத்தீனில் உள்ள பெயரே 'திரைச்சீலை' என்ற பொருளுடையது. மாணவர் 'அண்ணத்திரை' என்று படித்தவுடன் உள்நாக்குத் தொங்கும் அந்த அசையும் பகுதியைத்தான் நினைப்பார். மேலும் நரைதிரையில் வரும் திரை முதுமையில் விழுவது. நாம் பேசும் மேடு மூன்றாம் மாதக் கருவிலேயே வந்துவிடுவது. காலக்கணக்கு நேரெதிர்.

'மடிப்பு', 'சுருக்கம்' இரண்டுக்கும் ஒரே குறை. இரைப்பையின் உட்சுவரிலும் 'ருகே' உண்டு. வயிறு நிறைந்தால் அவை விரிந்து தட்டையாகிவிடும். உண்மையான மடிப்பு அதுதான்: விரிக்க முடியும், மறுபடி மடியும். அண்ணத்தில் இருப்பவை விரிவதில்லை. அவை நெருக்கமான இணைப்புத் திசுவால் ஆனவை. மேலே கெரட்டின் ஏறிய தடித்த சவ்வு மூடியிருக்கும். இலத்தீனில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல் வைக்கத் தேவையில்லை. இரைப்பைக்கு மடிப்பு என்றே இருக்கட்டும்.

இனி 'ரேகை'. எனக்குப் பெரிய தடை இங்கேதான்.

> கைரேகை எல்லோருக்கும் தெரிந்த சொல்

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். விரல்ரேகை என்றவுடன் படிப்பவர் மனதில் மூன்று எண்ணங்கள் எழும். ஒன்று, தொட்ட இடத்தில் தடம் விழும். இரண்டு, காவல்துறையிடம் ஏற்கனவே ஒரு பெரிய சேமிப்பு இருக்கும். மூன்று, நீதிமன்றம் கேள்வி கேட்காமல் ஏற்கும். அண்ணத்துக்கு இந்த மூன்றும் கிடையாது. யாரும் குற்ற இடத்தில் மேல்வாயைப் பதித்துவிட்டுப் போவதில்லை. ஒப்பிட மக்கள்தொகை அளவிலான சேமிப்பு இல்லை. இந்தியாவின் 2022ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் விரல், உள்ளங்கை, பாதப் பதிவுகளையும் கருவிழி, விழித்திரை வருடலையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது, அண்ணத்தைக் குறிப்பிடவில்லை. பேரிடரில் இறந்தோரை அடையாளம் காண இன்டர்போல் முதன்மைச் சான்றுகளாக வைப்பவை விரல்ரேகை, பல் ஒப்பீடு, டிஎன்ஏ ஆகிய மூன்று. அண்ண மேடு அவற்றுக்குத் துணையாக நிற்பது. துணைச் சான்றுக்கு முதன்மைச் சான்றின் பெயரைப் பூசினால், அறிக்கையைப் படிக்கும் நீதிபதிக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் தவறான உறுதியைக் கொடுத்தவர்கள் ஆவோம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

வடிவ அடிப்படையிலும் 'ரேகை' குழப்பும். விரலில் நாம் படிப்பது மேட்டை. உதட்டில் படிப்பது பள்ளத்தை. அண்ணத்தில் மறுபடியும் மேட்டை. மூன்றுக்கும் ரேகை என்றே சொன்னால் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பது மறைந்துவிடும். அறிக்கை எழுதுபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

'வரி' பரவாயில்லை. ஆனால் வரி என்றால் தட்டையான கோடு, உயரம் இல்லை. நடுவே ஓடும் கோட்டுக்கு அதை ஒதுக்கி 'நடுவரி' என்று வைக்கலாம். அடியில் உள்ள எலும்பு இணைப்புக்கு மண்டையோட்டில் சொல்வது போலத் 'தையல்' என்ற சொல் இருக்கிறது. சவ்வின் மேல் தெரிவது நடுவரி, எலும்பில் இருப்பது நடுத்தையல் என்று இரண்டும் பிரிந்துவிடும்.

மேடுகளுக்கு என் முன்மொழிவு: அண்ண வரப்பு. வயலில் வரப்பு என்றால் மண் உயர்ந்து நீளமாக ஓடுவது. அகலம் குறைவு, நீளம் அதிகம், இரண்டு பக்கமும் சரிவு, ஒன்றோடொன்று சேரும், பிரியும், சில இடத்தில் பாதியில் நிற்கும். அண்ணத்திலும் இவை அனைத்தும் அப்படியே உண்டு. 'முகடு' என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். பற்களைத் தாங்கும் தாடை எலும்பின் விளிம்புக்கு அதை ஏற்கனவே கொடுத்துவிட்டோம். ஒரே வாய்க்குள் இரண்டு முகடு வந்தால் அறிக்கை குழம்பும்.


மடல் 4 | செயற்கைப் பல் மருத்துவர்

வரப்புக்கு என் வாக்கு. காரணம் என் துறையிலிருந்து.

பல் எல்லாம் விழுந்து முழுப் பல்செட் போட்டவர் இறந்து, உடல் கருகிக் கிடைத்தால் பல் ஒப்பீடு செய்ய வழியில்லை. விரல்களும் போயிருக்கும். அந்த நேரத்தில் அண்ணம்தான் கைகொடுக்கும். உதடு, கன்னம், நாக்கு, கன்னக் கொழுப்பு எல்லாம் சூழ்ந்து மறைப்பதால் அது கடைசிவரை தாக்குப்பிடிக்கும். வாயில் பல்செட் இருந்தால் இன்னொரு மறைப்பும் சேரும். கருகிய, பல்லில்லாத ஓர் உடலைப் பழைய பல்செட்டின் உட்பக்கத்தோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டதைத் தாமசும் வான் வைக்கும் 1988இல் எழுதினார்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பல்செட் இப்படித்தான் இறப்புக்கு முந்தைய பதிவாகிறது.

இங்கேதான் மேடு, பள்ளம் என்ற வேறுபாடு உயிர்நாடி. பல்செட்டின் உட்பக்கத்தில் வரப்பு பள்ளமாக இருக்கும். வலமும் இடமும் மாறித் தெரியும். அதை நேராகப் படமெடுத்து அண்ணப் படத்தோடு வைத்தால் 'பொருந்தவில்லை' என்றுதான் வரும். பல்செட்டின் உட்பக்கத்தில் கல்மாவு (தண்ணீரில் குழைத்தால் கல்போல் இறுகும் மாவு) ஊற்றி நேர்வார்ப்பு எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும். விளிம்பில் உட்குழிவு இருந்தால் கல்மாவு இறுகிப்போய் பல்செட் உடையும். அப்போது சிலிக்கோன் ஊற்றலாம். வார்ப்பில் உள்ளது வரப்பு, பல்செட்டில் உள்ளது 'வரப்புப் பதிவு' என்று சொல்லை இரண்டாக வைத்துக்கொண்டால் இந்தப் பிழை எழுத்திலேயே தடைபடும். 'ரேகை' என்றிருந்தால் இரண்டும் ரேகைதான்.

ஒரு கேள்வியைக் குடும்பத்தாரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்: அந்தப் பல்செட் எப்போதாவது உட்பக்கம் புதுப்பிக்கப்பட்டதா? தளர்ந்துபோன பல்செட்டுக்கு உள்ளே புது அக்ரிலிக் பூசுவது வழக்கம். பூசியிருந்தால் பழைய பதிவு அதன் அடியில் போய்விட்டது. இருப்பது பூசிய நாளின் பதிவு.

அச்சு எடுப்பதில் கெடுபவை பற்றியும் பாடத்தில் ஒரு பத்தி இருக்கட்டும். அண்ணம் ஆழமாக வளைந்தவர்களுக்கு அச்சுத்தட்டை நேராக ஏற்றினால் நடுவில் காற்று சிக்கும். அச்சில் அது ஒரு குழி. வார்ப்பில் அதுவே குமிழாக எழுந்து நிற்கும். துண்டு வரப்பு என்று அதை எண்ணிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அச்செடுக்கும் பசையான ஆல்ஜினேட்டைக் கொஞ்சம் விரலில் எடுத்து முதலில் அண்ணத்தில் தடவிவிட்டுப் பிறகு தட்டை ஏற்ற வேண்டும். கல்மாவு ஊற்றும்போது குமிழ் சிக்கினால் விளைவு மறுபுறம்: வார்ப்பில் குழி விழும், வரப்பு நடுவில் அறுந்ததுபோல் தெரியும். அதிர்வு மேசையில் வைத்து ஒரு பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக ஓடவிட வேண்டும். மூன்றாம் வகைக் கல்மாவு 100 கிராமுக்கு 30 மில்லி தண்ணீர். ஆல்ஜினேட் அச்சைக் கால்மணி நேரத்துக்குள் வார்த்துவிட வேண்டும்; வெளியே கிடந்தால் ஈரம் இழந்து சுருங்கும், தண்ணீரில் போட்டால் உப்பும். வார்த்த பிறகு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுப் பிரிக்கலாம். தட்டு நேரடியாக வரப்பில் அழுந்தினால் வரப்பு நசுங்கித் தாழ்வாகப் பதியும். இது வார்ப்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.


மடல் 5 | யாழ்ப்பாணத்துப் பல் வைத்தியர்

வணக்கம். எங்கட பக்கம் வயலில் இருப்பதை 'வரம்பு' என்றுதான் சொல்லுவினம். 'வரப்புயர' என்ற ஔவையின் வாக்குப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் 'வரப்பு' எல்லாருக்கும் விளங்கும். ஆனால் சொல்லை 'வரம்பு' என்று மாற்ற வேண்டாம். தமிழ்நாட்டில் அது எல்லை, அளவு என்ற பொருளில் போய்விடும். சட்ட அறிக்கையில் 'வரம்பு' என்று வந்தால் பெரிய குழப்பம். இரண்டு நாட்டுக்கும் 'வரப்பு' பொது.

இன்னொன்று. சட்ட வைத்திய அதிகாரிக்கு அறிக்கை போகும்போது 'ஆய்வு' என்ற சொல் மிகவும் பொதுவானது. உண்மையில் செய்வது இரண்டு பதிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது. 'வரப்பு ஒப்பீடு' என்றால் செயலே பெயராகும். துறையின் பெயர் வேண்டுமென்றால் 'வரப்பாய்வு' இருக்கட்டும்.


மடல் 6 | பாடநூல் மொழிபெயர்ப்பவர்

'ரேகை'யைக் கைவிடுகிறேன். பெயரே மிகையான உறுதி தருகிறது என்ற வாதம் தீர்மானமாக இருந்தது.

வகைப்பாட்டுச் சொற்களைக் குடும்பமாக அமைத்துப் பார்த்தேன். ஆய்வாளர் லைசெல் 1955இல் தந்த நீள வகை: 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் 'முதன்மை வரப்பு', 3 முதல் 5 வரை 'துணை வரப்பு', 2 முதல் 3 வரை 'துண்டு வரப்பு'. 2க்குக் குறைந்தவை கணக்கில் இல்லை. தாமசும் கோட்சேயும் 1983இல் தந்த வடிவ வகை: நேர், வளைவு, அலை, வளையம். இரண்டு வரப்புகள் சேர்ந்தால் 'இணைவு'. நடுவரிப் பக்கம் ஒன்றாகத் தொடங்கிப் பிரிந்தால் 'விரி இணைவு', தனித்தனியே தொடங்கிப் பற்களின் பக்கம் சேர்ந்தால் 'குவி இணைவு'. முன்பற்களுக்குப் பின்னால் உள்ள சிறு புடைப்புக்கு 'வெட்டுப்பல் முகிழ்'. மொத்த அமைப்புக்கு 'வரப்பமைவு'.

இந்தச் சொற்கள் ஓர் அறிக்கையில் ஓடுகின்றனவா என்று பார்க்க, கற்பனையாக ஒரு பத்தி:

"இரு வார்ப்புகளிலும் வலப்பக்கம் மூன்று முதன்மை வரப்புகளும் ஒரு துண்டு வரப்பும் உள்ளன. முன்னிருந்து இரண்டாவது வரப்பு அலைவடிவம், நீளம் 9.5 மி.மீ. இடப்பக்கம் முதல் இரண்டு வரப்புகள் விரி இணைவு. ஆகவே இரண்டும் ஒரே ஆளுடையவை."

பிழை இருந்தால் திருத்துங்கள்.


மடல் 7 | தடயப் பல்மருத்துவர்

சொற்கள் நன்றாக ஓடுகின்றன. பத்தியில் நான்கு திருத்தம்.

முதலில் 'நீளம் 9.5'. அலைவடிவ வரப்பில் வெர்னியர் காலிப்பரின் இரு முனைகளை இரு நுனிகளில் வைத்தால் கிடைப்பது நேர்தூரம். வளைவைத் தொடர்ந்து அளந்தால் எண் கூடும். முதன்மையா துணையா என்ற எல்லை 5 மி.மீ.யில் இருப்பதால், எப்படி அளந்தோம் என்பதைப் பொறுத்து வகையே மாறிவிடும். 'நுனிமுதல் நுனிவரை நேர்தூரம்' என்று எழுத வேண்டும். படத்திலிருந்து அளந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்: அண்ணம் சரிவானது, படம் தட்டையானது, சரிவில் உள்ள வரப்பு படத்தில் குறுகித் தெரியும். அளவுகோலை வரப்பு இருக்கும் தளத்திலேயே வைத்து, லென்சை அதற்குச் செங்குத்தாகப் பிடித்தால் குறை தணியும்.

இரண்டாவது, வரைந்தவர் யார் என்பது இல்லை. வார்ப்பில் கூர்மையான கருப்புப் பென்சிலால் வரப்பின் ஓரத்தை வரைந்த பிறகுதான் படமெடுக்கிறோம். பக்கவாட்டில் தாழ்வாக விளக்கை வைத்தால் நிழல் விழுந்து ஓரம் தெளியும். நேர் வெளிச்சத்தில் மெல்லிய வரப்பு காணாமல் போகும். ஓரம் எங்கே முடிகிறது என்பதில் இருவர் வேறுபடுவார்கள். எனவே ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமல் தனியே வரைய வேண்டும். இறப்புக்கு முந்தைய வார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே பிந்தைய வார்ப்பில் கோடு போடுவது கூடவே கூடாது. கண் தான் எதிர்பார்ப்பதை வரைந்துவிடும்.

மூன்றாவது, இடையில் நடந்த சிகிச்சை. பல் பிடுங்கிக் கம்பி போட்டவர்களுக்குப் பற்கள் நகரும்போது வரப்பின் வெளிநுனியும் கூடவே இழுபடும். நடுவரிப் பக்கத்து நுனி அவ்வளவு நகராது. பின்னால் உள்ள மூன்றாவது வரப்பு முன்னுள்ளவற்றைவிட நிலையானது. அண்ணத்தை அகலப்படுத்தும் கருவி போட்டிருந்தால் குறுக்களவே மாறும். ஆகவே ஒப்பீட்டை உள்நுனியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது பாடத்தில் தடித்த எழுத்தில் வரட்டும். பல்லில்லாதவர்களில் ஒப்பீடு எங்கே தவறுகிறது என்று ஓட்டானியும் உடனாய்வாளர்களும் 2008இல் பார்த்தபோது மூன்று காரணம் சொன்னார்கள்: வரப்பின் ஓரம் தெளிவாக எழாதது, அண்ணத்தின் உயரம் மாறியது, வரப்பமைவு மிக எளிமையாக இருந்தது. மூன்றாவதை மாணவர்கள் மறந்துவிடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு நேர் வரப்பு மட்டும் உள்ள அண்ணங்கள் பொருந்தினால், அந்தப் பொருத்தத்துக்கு எடை குறைவு. வளையமும் இணைவும் உள்ளவை பொருந்தினால் எடை அதிகம்.

நான்காவது, கடைசி வரி. 'ஒரே ஆளுடையவை' என்று வரப்பு ஒப்பீடு மட்டும் சொல்ல முடியாது. ஒரே கருமுட்டை இரட்டையருக்குக்கூட வரப்பமைவு ஒத்திருக்குமே தவிர, அச்சொட்டாக ஒன்றாக இராது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு அண்ணங்கள் எவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. இந்தியச் சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023இன் 39ஆம் பிரிவின்படி நாம் தருவது நிபுணர் கருத்து, முடிவு நீதிமன்றத்துடையது.

திருத்திய பத்தி:

"இரு வார்ப்புகளிலும் வரப்புகளை இருவர் தனித்தனியே வரைந்து, உள்நுனியிலிருந்து ஒப்பிட்டனர். வலப்பக்கம் மூன்று முதன்மை வரப்புகளும் ஒரு துண்டு வரப்பும் உள்ளன. முன்னிருந்து இரண்டாவது அலைவடிவம், நுனிமுதல் நுனிவரை நேர்தூரம் 9.5 மி.மீ. இடப்பக்கம் முதல் இரண்டு வரப்புகள் விரி இணைவு. துண்டு வரப்பு இருக்கும் இடத்தில் காற்றுக்குமிழ் இல்லை என்பது பிந்தைய அச்சிலும் வாய்க்குள் எடுத்த படத்திலும் சரிபார்க்கப்பட்டது. விளக்க முடியாத வேறுபாடு காணப்படவில்லை. இரண்டு வரப்பமைவுகளும் ஒரே ஆளுடையவையாக இருப்பதோடு ஒத்துப்போகின்றன. உறுதிக்குப் பிற சான்றுகளும் தேவை."

'துண்டு வரப்பு' பற்றி மட்டும் குழு ஒருமுறை யோசிக்க வேண்டும். துண்டு என்றால் பெரிய ஒன்றிலிருந்து அறுந்தது என்று படிப்பவர் நினைக்கலாம். இது பிறப்பிலேயே குட்டையானது. 'குறுவரப்பு' என்று வைத்தால் அந்த ஐயம் வராது. மூன்று நாளைக்குள் மறுப்பு வராவிட்டால் பாடத்தில் 'குறுவரப்பு' என்றே போட்டுவிடுங்கள்.